கரண்டு போனா முறையும் போச்சு

"உங்க முறையில கரண்டு போறதே இல்லீங்க்கா, எங்க முறையில போகாத நாளே இல்லீங்க்கா."

இதுதான் அவள் சொன்னது, ஸ்டெல்லா. ஒரு எழுத்து நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பால் சொசைட்டி வாசலில், கேனோடு நிற்கிற அத்தனை பெண்களும் பார்க்க, என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். சொன்னதோடு விட்டாளா? "எங்க முறை வந்தா மட்டும் கரண்டுக்குக் காய்ச்சல் வந்துருதோ என்னமோ" என்று ஒரு சிரிப்பு வேறு. நான் என்ன கரண்ட் ஆபீசா நடத்துகிறேன்? அறைந்தேன். ஆமாம், அறைந்தேன். கையில் வளையல் இருந்தது, காதோரம் கிழித்துவிட்டது, அது என் தப்பா? நம் கான்வென்டில் எதிர்த்துப் பேசினால் என்ன கிடைத்ததோ அதைத்தான் கொடுத்தேன். நீ வாங்கவில்லையா, நான் வாங்கவில்லையா? கெட்டா போய்விட்டோம்?

அந்த அறையில் ஆரம்பித்தது, இன்றைக்கு உன் ஆஸ்பத்திரியில் வந்து நிற்கிறது.

நீ சிஸ்டர் ஆகிவிட்டாய், இந்த ஆஸ்பத்திரிக்கே பெரியவள், எல்லாம் சரி. எனக்கு நீ போர்டிங்கில் பக்கத்துக் கட்டிலில் படுத்த ஸ்டெல்லாதான். அதனால்தான் நேராக உன்னிடம் வந்தேன். போனைக் கொஞ்சம் கீழே வை. நூற்றியெட்டு வரும்போது வரும். நீ பத்துத் தடவை கூப்பிட்டால் அது பறந்தா வரப்போகிறது?

விஷயம் சின்னது. உள்ளே கட்டிலில் மண்டை பிளந்து கிடக்கிறானே நாட்ராயன், அவன் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். எனக்குக் கொழுந்தன். வாசலில் தரையில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் அவன் பெண்டாட்டி, தெய்வாத்தா. சொசைட்டியில் பேசினவள். மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும், உடனே கொண்டுபோக வேண்டும் என்று உன் டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் கார் வாசலில்தான் நிற்கிறது. ஏசி போட்டே வைத்திருக்கிறேன். டிரைவர் குப்புராசு இறங்கக்கூட இல்லை. தலைக்காயம் என்றால் ஸ்டேஷனுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிறாய். சொல், யார் வேண்டாம் என்றது? போலீஸ் வந்து கேட்கும்போது தெய்வாத்தா ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "கிணத்துல விழுந்துட்டாருங்க." அவ்வளவுதான். அதைச் சொல்கிறேன் என்று அவள் தலையாட்டினால் அடுத்த நிமிஷம் கார் கிளம்பும். சொல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் ஜெயிலில் உட்கார வேண்டும். அவருக்கு சர்க்கரை வேறு இருக்கிறது. நீ போய் அவளிடம் பேசு. நான் பேசினால் சுவரைப் பார்க்கிறாள்.

இரு, எழுந்திருக்காதே. முழுக்கக் கேட்டுவிட்டுப் போ. போன வருஷம் எங்கள் ஊர்ப் பெண்கள் கூட்டத்துக்கு வந்தபோது நீயேதான் என்னிடம் கேட்டாய். "இந்த ஜனங்க மாடா உழைக்கிறாங்க சுகுணா, ஏன் தலையே தூக்க மாட்டேங்கறாங்க?" என்று. அப்போது அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருந்தேன், பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஒழுங்கு கிடையாது. அவ்வளவுதான் காரணம். நேரத்துக்கு ஒரு வேலை செய்யத் தெரியாது. மணி அடித்தால் எழுந்தோம், மணி அடித்தால் படித்தோம், மணி அடித்தால் வாயை மூடினோம். அதனால்தான் நாம் இப்படி இருக்கிறோம். இவர்கள் மணியே கேட்காமல் வளர்ந்தவர்கள்.

கிணற்றுக் கதையைக் கேள். என் மாமனாரும் நாட்ராயன் அப்பாவும் அண்ணன் தம்பி. நிலம் சரிபாதி, கிணறு சரிபாதி. அந்தச் சித்தப்பா தன் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தார். தகுதிக்கு மீறின கல்யாணம், மண்டபம், மூன்று வேளைப் பந்தி. பணத்துக்கு முட்டிக்கொண்டு நின்றபோது யார் கை கொடுத்தது? என் மாமனார். நிலத்தை எழுதிக்கொடு என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா? "தம்பி நிலத்துல நான் கை வைக்க மாட்டேன், கிணத்துல உன் பாதியில பாதியை மட்டும் எழுதிக் குடு" என்றார். அப்படிப்பட்ட மனுஷர். அன்றிலிருந்து நாலு நாளில் மூன்று நாள் தண்ணீர் எங்கள் முறை, ஒரு நாள் அவர்கள் முறை. நிலம் இன்றைக்கும் முழுசாக அவர்களிடம்தான் இருக்கிறது. ஒரு சென்ட் குறையவில்லை. காய்ந்து கிடக்கிறது என்றால் அதற்கு நாங்கள் என்ன செய்வது?

பிறகு கரண்டு மோட்டர் வந்தது. என் மாமனார் பெயரில்தான் சர்வீஸ். முன்பு எண்ணெய் இன்ஜின் ஓடியது, டீசல் ஊற்றுகிறவன் பாடு. கரண்டு என்றால் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். இன்றைக்கு என் முறையில் போய்விட்டது, நாளைக்குச் சேர்த்துக் கொடு என்று தினமும் ஒரு பஞ்சாயத்து. என் மாமனார் ஒரே வரியில் முடித்தார். "கரண்டு போனா முறையும் போச்சு." போன முறை போனதுதான், அடுத்தவன் முறை ஆரம்பம். எவ்வளவு சுத்தமான சட்டம் பார். நமக்கு ரயில் போனால் ரயில் திரும்பி வருகிறதா? எல்லாருக்கும் ஒரே சட்டம். எங்களுக்கும் அதேதான். எங்கள் முறையில் போனால், அடுத்த நாள்... அடுத்த நாளும் எங்கள் முறைதான், அது வேறு விஷயம்.

கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று ஒரு பாட்டு. எல்லாக் கிணற்றிலும்தான் இறங்கிவிட்டது. நாங்கள் போர் போட்டதால்தானாம். எங்கள் நிலத்தில், எங்கள் செலவில், கிணற்றுக்குப் பக்கத்தில் எங்கே பாறை வெடிப்பு இருக்கிறது என்று ஆள் வைத்துப் பார்த்துப் போட்டோம். பூமிக்கு அடியில் ஓடுகிற தண்ணீரில் பெயரா எழுதியிருக்கிறது? பொறாமை. "நீயும் போர் போடேன்டா" என்று என் வீட்டுக்காரரே சொன்னார். பாங்குக்குப் போனான். கூட்டுப் பட்டா, அண்ணன் கையெழுத்து வேண்டும் என்றார்களாம். வந்து நின்றான். "அண்ணா, ஒரு கையெழுத்துங்க." நான்தான் உள்ளேயிருந்து வந்து வேண்டாம் என்றேன். நாளைக்கு இவன் கட்டாமல் விட்டால் எங்கள் தென்னந்தோப்புக்கல்லவா நோட்டீஸ் ஒட்டுவார்கள்? பட்டாவைத் தனியாகப் பிரித்துக்கொள் என்றால் அதற்கும் எங்கள் கையெழுத்து வேண்டுமாம். எதற்கெடுத்தாலும் அடுத்தவன் கையெழுத்தையே எதிர்பார்த்து வாழ்கிற ஜனம் எப்படி ஸ்டெல்லா உருப்படும்? சொந்தக் காலில் நிற்கப் பழக வேண்டாமா?

தென்னை வைக்கச் சொன்னேன். "தண்ணி நிக்காம வேணுமேங்க அண்ணி" என்றான். பெரிய பெண்ணைப் படிக்க வை என்றேன், மில்லுக்கு அனுப்பினான். எதைச் சொன்னாலும் ஒரு காரணம். கடைசியில் சின்ன வெங்காயம் நட்டான். இரண்டு மாதத்தில் காசு பார்க்க வேண்டுமாம். பேராசை.

அந்த அறை விழுந்தது நட்ட பத்தாம் நாள். அதற்கப்புறம் சும்மா இருந்தார்களா? எங்கள் புது ஹோசை யாரோ நாலு இடத்தில் அரிவாளால் கொத்தியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ. நான் பார்க்கவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் நல்ல மாதிரி, "விடு சுகுணா" என்றார். விடுவேனா? அன்றைக்குச் சாயங்காலமே டிராக்டரை அவன் வெங்காயப் பாத்தி வழியாகத் திருப்பச் சொன்னேன். திரும்ப வேறு இடம் இல்லை. ஒரு ஓரம்தான் போனது. தெய்வாத்தா மண்ணை அள்ளி அள்ளி வீசிக்கொண்டு டிராக்டர் பின்னாலேயே ஓடி வந்தாள். "உங்க குடும்பம் வெளங்குமா? கை வெளங்குமா?" அப்படி ஒரு சாபம். கல் ஒன்று என் நெற்றியில் பட்டது, இதோ பார், தழும்பு. இதற்கு எந்தப் போலீஸ் வந்தது? நாட்ராயன் வந்து அவளைத்தான் அடித்தான். எங்கள் கண் முன்னாலேயே, மயிரைப் பிடித்து, தரையில் போட்டு. "அண்ணங்கிட்ட வாய் குடுக்காதேன்னு சொன்னனா இல்லியாடி?" என்று. எனக்கே பாவமாக இருந்தது. "போதும் நாட்ராயா" என்று நானே சொன்னேன். அவ்வளவு மரியாதை தெரிந்தவன்தான். இவள்தான் கெடுத்தாள்.

இன்றைக்குக் காலையில் நடந்ததைச் சொல்கிறேன்.

இன்றைக்கு அவன் முறை. போன முறையும் அவனுக்குப் போய்விட்டது, எட்டு நாளாகப் பாத்தி நனையவில்லை. வெங்காயம் காய் திரளுகிற சமயம், மண் வாயைப் பிளந்து கிடந்தது. நான் இல்லை என்று சொல்லவில்லை. விடியும்போதே மோட்டர் போட்டுவிட்டான். தண்ணீர் வாய்க்காலில் பாதி தூரம் போவதற்குள் லைன்மேன் வந்து ஃபியூசைப் பிடுங்கினார். எங்கள் தென்னை மட்டை கம்பியில் உரசிப் பொறி பறந்துகொண்டிருந்தது, வெட்ட வேண்டும். நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன். பாவம், நல்ல மனுஷர், எப்போது கூப்பிட்டாலும் வருவார், எங்கள் வீட்டில்தான் காபி. "என்னைக்கும்மா வரட்டும்?" என்று கேட்டார். இன்றைக்கு வரச் சொன்னேன். ஏன் அப்படிப் பார்க்கிறாய்? எங்கள் முறையிலா ஃபியூசைப் பிடுங்கச் சொல்வார்கள்? எங்கள் தண்ணீர் வீணாகாதா? போன தடவையும் அப்படித்தான், டிரான்ஸ்பார்மர் பக்கம் ஒரு மட்டை. அதற்கு முந்தி ஸ்டார்ட்டர் பெட்டி. தோப்பு வைத்திருந்தால் ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டுதான் இருக்கும். குடும்பம் நடத்துகிற எவளும் யோசித்துத்தான் நாள் குறிப்பாள். நீ மடத்தில் இருக்கிறாய், உனக்கு இதெல்லாம் புரியாது.

மட்டை வெட்டி முடிந்தது, கரண்டு வந்தது. சட்டப்படி இப்போது யார் முறை? சொல். போன முறை போனதுதானே? எங்கள் முறை. என் வீட்டுக்காரர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போகிறார், பார்த்தால் மோட்டர் ஓடுகிறது. தண்ணீர் வெங்காயத்துக்குப் போகிறது. மோட்டர் ரூமில் ஸ்விட்ச் மேலேயே கையை வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தானாம், கரண்டு வந்ததும் அமுக்குவதற்கென்றே. திருட்டு இல்லையா இது? எனக்குக் குரல் கொடுத்தார். நானும் ஓடினேன்.

"நிறுத்துடா" என்றார்.

"அண்ணா, இந்த ஒரு தடவைங்க. அடுத்த முறையை நீங்களே எடுத்துக்குங்க. இன்னைக்கு நனையலைன்னா காய் செத்துரும்ங்கண்ணா." காலில் விழுந்தான், ஸ்டெல்லா. விழுந்தபடியே ஒரு கையால் ஸ்விட்சை மறைத்துக்கொண்டான். அந்தக் குள்ளநரித்தனத்தைப் பார்.

"சட்டம்னா சட்டம்" என்றேன் நான்.

வாசலை மறித்துக்கொண்டு தெய்வாத்தா. "எந்தச் சட்டம்? ஃபியூசைப் பிடுங்கச் சொன்னது யாருங்க்கா? லைன்மேனே சொல்லிட்டுப் போறாரு, அம்மாதான் வரச் சொன்னாங்கன்னு. எம்பட புருசன் முறையை உங்க போனுல முழுங்கிட்டு, சட்டமாம் சட்டம்!" என்றாள். கையில் களைக்கொத்து. ஆயுதம்தானே அது?

என் வீட்டுக்காரர் அவளை ஒரு தள்ளு தள்ளிவிட்டு ஸ்விட்சை அணைத்தார். அவன் போட்டான். இவர் அணைத்தார். அவன் போட்டான். சின்னப் பிள்ளைகள் மாதிரி. இவர் அவன் கையை முறுக்கினார், அவள் வந்து இவர் முழங்கையைக் கடித்தாள். நாய்க்கடி மாதிரி, சதை வந்துவிட்டது. வலியில் மனுஷருக்கு என்ன தெரியும்? பக்கத்தில் பைப் முடுக்குகிற இரும்பு ரிஞ்சு கிடந்தது. நான் "விடாதீங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஸ்விட்சை விடாதீர்கள் என்ற அர்த்தத்தில் சொன்னேன். முதல் அடி தோளில். அதோடு அவன் போயிருக்கலாம் இல்லையா? போக மாட்டானாம். ஸ்விட்சைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் தலையில். தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. விழுந்த பிறகும் இவர் கை நிற்கவில்லை. ஓங்கின கை, பாவம், ஒரு வேகத்தில் இருக்கும் இல்லையா? நான்தான் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். நான் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார். அவன் உயிரோடு கிடக்கிறான் என்றால் அது என்னால். இதை ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

தெய்வாத்தா கத்தவே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். முந்தானையைச் சுருட்டி அவன் தலையில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மோட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் நினைவு வந்து மடையைத் தோப்புக்குத் திருப்பிவிட்டு வந்தேன். எல்லாரும் மூளை கலங்கி நிற்கிற நேரத்தில் வீட்டில் ஒருத்தியாவது நிதானமாக இருக்க வேண்டாமா?

இப்போது சொல். கிணற்றில் விழுந்துவிட்டான் என்றால் யார் நம்ப மாட்டார்கள்? படி உடைந்த கிணறு. நிறையத் தண்ணீர் இருந்தால்தான் மண்டை உடைந்தது எப்படி என்று கேட்பார்கள். அடியில் பாறைதான் தெரிகிறது. விழுந்தால் உடையத்தானே செய்யும்?

சும்மா சொல்லச் சொல்லவில்லை. கொடுப்பதைக் கொடுத்துத்தான் கேட்கிறேன். கேள். இனிமேல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவர்கள் முறை. சரிபாதி, பழையபடி. கரண்டு போனாலும் முறை போகாது, போன நேரத்தைக் கூட்டிக் கொடுக்கிறோம். பாங்குக்குக் கையெழுத்து, அதுவும் போடுகிறோம். இதைத்தானே இத்தனை வருஷமாக வாசலில் வந்து வந்து நின்று கேட்டார்கள்? ஒரே நாளில் எல்லாமும் கிடைக்கிறது. ஒரு வார்த்தைக்கு. எந்த வக்கீல் வாங்கித் தருவான் இதை? இவ்வளவையும் அவளிடம் சொல்லிவிட்டேன் ஸ்டெல்லா, தரையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னேன், இந்தப் புடவையோடு. அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "தண்ணி வந்தா பாத்திக்கு யாருங்க்கா கட்டறது?" என்றாள். அவன்தான் எழுந்து வருவானே, ஏன் அபசகுனமாகப் பேசுகிறாய் என்றேன். மறுபடி சுவர்.

அதைத்தான் சொல்கிறேன். வருகிற நல்லதைக் கை நீட்டி வாங்கத் தெரியாத ஜனம். நீ கேட்டாயே ஏன் தலை தூக்க மாட்டேன் என்கிறார்கள் என்று, இதோ, உன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது பதில்.

என்ன, எழுந்துவிட்டாய்? அவளிடம் பேசத்தானே போகிறாய்? நல்லது. பக்குவமாகச் சொல். நீ உடுப்போடு போய்ச் சொன்னால் கேட்பாள்.

அங்கே எதற்குப் போகிறாய்? அவள் இந்தப் பக்கம் இருக்கிறாள். ஸ்டெல்லா. நர்சுகளை எதற்குக் கூப்பிடுகிறாய்? ஸ்ட்ரெச்சரை இப்போது எதற்கு எடுக்கிறார்கள்? நூற்றியெட்டு வந்துவிட்டதா? சத்தம் கேட்கவில்லையே. மெதுவாகத் தள்ளச் சொல், டியூப் இழுபடுகிறது. எங்கே? இது வாசல் பக்கம் அல்லவா? சிஸ்டர்! சிஸ்டர் என்றே கூப்பிடுகிறேன், கொஞ்சம் நில். அது எங்கள் கார். என் பேச்சு இன்னும் முடியவில்லை. நான் கொண்டுபோகக் கூடாது என்றா சொன்னேன்? முதலில் அவள் சொல்லட்டும் என்றுதானே சொன்னேன். முறை என்று ஒன்று இல்லையா?

குப்புராசு! கதவை ஏன் திறந்துவிடுகிறாய்? உனக்குச் சம்பளம் கொடுப்பது யார்? சீட்டை மடக்காதே. இறங்கு கீழே. சாவியை என்னிடம் கொடு. குப்புராசு, உன்னைத்தான். காது கேட்கவில்லையா?

தள்ளுங்கள், நான் அவளிடம் பேசிக்கொள்கிறேன். தெய்வாத்தா. இங்கே பார். ஏறிக்கொள், ஏற வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போ. மதுரையில் பெரிய டாக்டராகப் பார்க்கட்டும், எல்லாம் எங்கள் பொறுப்பு. ஜன்னலை ஏற்றாதே. அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டுப் போயேன். எனக்காக வேண்டாம், உன் புருஷனுடைய அண்ணனுக்காக. தெய்வாத்தா. சொல்லிவிட்டுப் போயேன், தெய்வாத்தா.